கை எடுத்த பிறகு

தாமோதரனுக்கு வலது கை போனது அக்னி நட்சத்திரம் முடிகிற வாரத்தில். திருப்போரூரிலிருந்து நெம்மேலிக்குப் போகிற சாலையில், உப்பங்கழி தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருந்தது அந்தக் கம்பெனி. மூன்று தகர ஷெட்டுகள். கார்க் கதவுக்கான கீல்களை இரும்புத் தகட்டிலிருந்து அடித்தெடுத்து லாரியில் மறைமலைநகர்ப் பக்கம் அனுப்புவார்கள். பொழுது உச்சிக்கு வந்தால் கடல்காற்று திரும்பும். வெந்து கிடக்கிற ஆட்களுக்கு அது உயிர் வந்த மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் காற்றில் உப்பு. சைக்கிள் செயினாகட்டும், ஜன்னல் கம்பியாகட்டும், அந்தப் பக்கத்தில் ரெண்டு மழைக்காலம் தாங்காது.

தாமோதரனை அங்கே சேர்த்துவிட்டது அவன் அக்கா புருஷன் ஜெபக்குமார். ஐடிஐ படித்துவிட்டு அந்தக் கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து எலக்ட்ரீஷியனாக இருப்பவன். அவன் அப்பனும் தாமோதரனின் அப்பனும் ஒரே ஆண்டையின் நிலத்தில் வரப்போரம் அண்டை வெட்டினவர்கள். இப்போது அந்த நிலமெல்லாம் மனை போட்டுக் கலர் கொடி கட்டியிருந்தது.

அக்காவின் பெயர் வேண்டா. நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால் அப்படிப் பெயர் வைத்தார்கள். பெயர் வைத்ததற்குப் பலன் கிடைத்த மாதிரி அடுத்துப் பிறந்தவன் தாமோதரன். அம்மா செத்தபோது அவன் நடக்கக்கூட ஆரம்பிக்கவில்லை. வேண்டாதான் இடுப்பில் தூக்கிக்கொண்டு நடவுக்குப் போனாள், வரப்பில் உட்காரவைத்து ஊட்டினாள். அவளைக் கட்டிக்கொண்டபோது மைத்துனனும் கூடவே வந்தான். ஜெபக்குமார் அதை ஒருநாளும் பாரமாக நினைத்ததில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வேண்டா இப்போது சிறுசேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் துடைக்கிற வேலைக்கு ஷேர் ஆட்டோவில் போய்வந்துகொண்டிருந்தாள்.

அந்த பிரஸ் மிஷினில் வேலை இப்படி. ஆள் எதிரே நிற்பான். வலது கையால் தகட்டை உள்ளே வைப்பான். வைத்துவிட்டுக் கையை எடுத்து, இரண்டு பக்கமும் இருக்கிற இரண்டு பட்டன்களை இரண்டு உள்ளங்கையாலும் அழுத்துவான். இரண்டையும் அழுத்தினால்தான் மேல்பாகம் இறங்கும். கை உள்ளே இருக்கக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருந்தார்கள். பட்டன்களின் ஒயர்கள் மிஷினின் விலாவில் இருக்கிற ஒரு சின்ன இன்புட் பெட்டிக்குப் போகும். அந்தப் பெட்டி, கை பட்டனில் இருக்கிறது, கை எடுத்தாயிற்று என்று ஒரு கேபிள் வழியாகச் சுவரோரத்துப் பேனலுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பேனல்தான் மிஷினை இறக்கும், ஏற்றும்.

ஆட்கள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்திருந்தார்கள். ஒரு பட்டனின் விளிம்பில் அட்டையை மடித்துச் சொருகிவிட்டால் அது அழுந்தியே இருக்கும். ஒரு கையால் அழுத்தினால் போதும், வேலை சுருக்காக நடக்கும். அடித்த பீஸ் எண்ணிக்கை குறைகிற நாளில் எல்லாரும் செய்வதுதான். சூப்பர்வைசருக்கும் தெரியும்.

ஜெபக்குமார் அன்றைக்கு அடுத்த ஷெட்டில் ஏணிமேல் நின்று மின்விசிறி மாட்டிக்கொண்டிருந்தான். கத்தல் கேட்டு ஓடிவந்தபோது பக்கத்து மிஷின்காரன் அருணகிரி இரும்புத் தடியைப் போட்டு மேல்பாகத்தை நெம்பித் தூக்கியிருந்தான். பத்துப்பேர் கூடிவிட்டார்கள். பட்டனில் அட்டை இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. தரையில் ஒரு அட்டைத் துண்டு கிடந்தது. அந்தத் தரையில் எப்போதும்தான் அட்டைத் துண்டு கிடக்கும்.

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் மணிக்கட்டுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் தாமோதரன் முதலில் பேசினது ஜெபக்குமாரிடம்தான்.

"மாமா, நான் பட்டன்லேர்ந்து கை எடுத்துட்டேன் மாமா. ரெண்டு கையும். மேல ஏறிச்சி. பீஸ எடுக்கலாம்னு கைய வுட்டேன். தானா எறங்கிச்சி."

"சரிடா. பேசாத. தூங்கு."

"அட்ட வைக்கல மாமா. அன்னிக்கி நான் வைக்கவே இல்ல. நீ மிஷின பாரு. அதுல இன்னாமோ கீது."

"பாக்கறேன் தாமு. நான் பாக்காம யாரு பாப்பாங்க?"

பார்த்தான். கம்பெனியே பார்க்கச் சொன்னது. மெயின்டனன்ஸ் மேனேஜர் ஷ்யாம் திருச்சிப் பக்கத்துக்காரர், சின்ன வயசு, ஆளை மரியாதையாகத்தான் நடத்துவார். "நல்லா செக் பண்ணுங்க ஜெபக்குமார். உங்க சொந்தக்காரர்னு இல்ல, யாரா இருந்தாலும் காரணம் தெரிஞ்சாகணும்" என்றார். ஜெபக்குமார் பட்டன்களைக் கழற்றிப் பார்த்தான். ஒவ்வொரு ஒயராக மீட்டர் வைத்துப் பார்த்தான். பெட்டியைத் திறந்து எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, ஆளை விட்டு நாள் முழுக்க வெறும் மிஷினை அழுத்தச் சொன்னான். கை பட்டால் பட்டனுக்கான விளக்கு எரிந்தது. கை எடுத்தால் அணைந்தது. கேபிளை இழுத்து ஆட்டிப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. மூன்று தரம் முழுசாகப் பார்த்து, மூன்று தரமும் மிஷின் சரியாக இருக்கிறது என்றுதான் அவனால் சொல்ல முடிந்தது.

தாமோதரன் வீட்டுக்கு வந்த பிறகு அது தினப்படி நடக்கிற ஒன்றாகிவிட்டது. ஜெபக்குமார் சைக்கிளை நிறுத்துகிற சத்தம் கேட்டதும் அவன் வாசலுக்கு வருவான். துணி சுற்றிய கையை மார்போடு சேர்த்துப் பிடித்திருப்பான்.

"இன்னா மாமா, இன்னிக்கி எதுனா தெரிஞ்சிச்சா?"

"பாத்துகினுதான் கீறேன்."

"பெட்டிக்குள்ள பாத்தியா? உள்ள கார்டு எதுனா ஒதறுதா?"

"எல்லாம் பாத்துட்டேன்டா. நல்லாதான் ஓடுது."

"நல்லா ஓடுதா" என்பான் தாமோதரன். கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வான்.

அவனுக்குப் புதுப்பட்டினத்தில் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். லோகநாயகி என்று பெயர். அந்தப் பெண்ணின் அப்பா ஒருநாள் வந்தார். வேண்டா போட்டுக் கொடுத்த டீயைக் குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

"கை போயிட்ச்சேன்னு நான் சொல்லலமா. அது யாருக்கும் வரும். ஆனா அட்டைய சொருவிட்டு எங்கியோ பாத்துகினு கைய வுட்டான்னு அங்க கட வீதில பேசிகினு கீறாங்க. அப்பிடி வெளையாட்டுத்தனமா கீறவன நம்பி எப்பிடிமா பொண்ண அனுப்பறது?"

"அது பொய்ணா. அவன் அப்பிடி இல்ல" என்றாள் வேண்டா.

"உன் வூட்டுக்காரர்தானமா மிஷின பாத்தது? அவரே நல்லா கீதுன்னுதான சொல்லிகீறாரு."

தாமோதரன் உள்ளே இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து சோற்றைத் தொடவில்லை. வேண்டா இறால் தொக்கு பண்ணி, சின்ன வயசில் ஊட்டினமாதிரி உருட்டி வாயருகே கொண்டுபோனாள். முகத்தைத் திருப்பிக்கொண்டான். நாஸ்தா வாங்கிவந்து வைத்தால் ஈ மொய்த்துக் கிடக்கும். ஒரு சாயங்காலம் ஆளைக் காணவில்லை. தேடிப் போன ஜெபக்குமார் அவனை பக்கிங்காம் கால்வாயோரம் கண்டுபிடித்தான். முழங்கால் தண்ணீரில் சும்மா நின்றுகொண்டிருந்தான். "காத்து வாங்கினு இருந்தேன் மாமா" என்றான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வேண்டா கிணற்றடியில் காரப்பொடி மீனை மண்சட்டியில் போட்டு உரசிக்கொண்டிருந்தாள். ஜெபக்குமார் மாதா கோயிலுக்குக் கிளம்பி வெள்ளைச் சட்டையோடு நின்றான்.

"ஒண்ணு சொன்னா கேப்பியாயா?" என்றாள்.

"சொல்லு."

"அவன் கிட்ட சொல்லிடு. மிஷின் மேலதான் தப்புன்னு சொல்லிடு."

"இன்னாடி சொல்ற? கெடைக்காதத கெடைச்சிதுன்னு எப்பிடி சொல்றது?"

"வாயாலதான் சொல்லணும். ஊருக்கு சொல்ல வோணாம், கம்பெனிக்கு சொல்ல வோணாம். அவனுக்கு மட்டும் சொல்லு. வூட்டுக்குள்ள ஒரு வார்த்த." மீனை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "நேத்து தண்ணில நின்னுகினு இருந்தான்ல. நாளிக்கி இன்னா பண்ணுவான்னு உனக்கு தெரியுமா? நீ கோயிலுக்கு போயி இத்தத்தான கேக்கப்போற? சாமி சொல்லாது. நீ சொன்னா ஆச்சி."

ஜெபக்குமார் கோயிலுக்குப் போகவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனான். முருங்கை மரத்தடியில் தாமோதரன் உட்கார்ந்திருந்தான். எதிரே குந்திக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"தாமு, கெடச்சிட்ச்சிடா."

"இன்னா மாமா?"

"பெட்டிக்கு பின்னால ஒரு ஒயரு. உள்ளுக்குள்ளயே அறுந்து கெடந்துச்சி. மேல ரப்பரு நல்லா கீது, அதான் தெரியல. அது தொட்டு வுட்டு, தொட்டு வுட்டு... அதாலதான் எறங்கியிருக்குது. உன் மேல தப்பு இல்ல."

தாமோதரன் இடது கையால் ஜெபக்குமாரின் முட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஆஸ்பத்திரியில்கூட அவன் அழுததில்லை. உள்ளே போய், "யக்கா, சோறு போடு" என்றான். வேண்டா காரப்பொடிக் குழம்பை ஊற்றி ஊற்றிப் போட்டாள். அவன் இடது கையால் அள்ளித் தின்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜெபக்குமார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

நல்லது அவ்வளவோடு நிற்கவில்லை. மறுநாள் காலையில் தாமோதரன் முகம் மழித்துக்கொண்டு, வேண்டா வேலைக்குப் போன பிறகு, நடந்தே கம்பெனிக்குப் போய்விட்டான். ஷிப்டு மாறுகிற நேரம். கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு போகிறவர்களிடமும் வருகிறவர்களிடமும் சொன்னான்.

"ஒயரு அறுந்து கெடந்துதுபா. எங்க மாமா கண்டுபுட்ச்சிட்டாரு. அட்ட வச்சான் அட்ட வச்சான்னீங்களே, வந்து கேளுங்க."

சத்தம் கேட்டு ஷ்யாம் வெளியே வந்தார். அவனைக் கோபிக்கவில்லை. உள்ளே அழைத்துப்போய் நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, ஜெபக்குமாரைக் கூப்பிட்டனுப்பினார். ஜெபக்குமார் வந்தபோது பிரஸ் ஷாப் ஆட்கள் பாதிப்பேர் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஜெபக்குமார், இவர் ஏதோ ஒயர் அறுந்திருந்ததா சொல்றாரு. நீங்க கண்டுபிடிச்சதா சொல்றாரு. அப்படி இருந்தா எங்கிட்ட ஏன் சொல்லல? வாங்க, காட்டுங்க. உண்மைன்னா நானே மேல பேசறேன். ஆனா நான் கண்ணால பாக்கணும்."

தாமோதரன் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றிருந்தான். முகத்தில் சிரிப்பு.

"சொல்லு மாமா. பயப்படாத. சார் நல்லவரு. பெட்டிக்கு பின்னாலன்னு சொன்னியே."

காட்டுவதற்கு ஒயர் இல்லை. இப்போது ஒன்றை அறுத்துவிட்டுக் காட்டலாமா என்றுகூட ஒரு நொடி அவன் நினைத்தான். அத்தனை பேர் கூட வருவார்கள். புது வெட்டுப் பளபளக்கும்.

"இல்ல சார்" என்றான். "அப்பிடி ஒண்ணும் இல்ல. அவன் சாப்புடாம கெடந்தான். மனசுக்கு ஆறுதலா இருக்கட்டுமேன்னு நான்தான் சும்மா சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. தாமோதரனின் முகத்தில் இருந்த சிரிப்பு மட்டும் போகத் தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு அவன் திரும்பி நடந்தான். அருணகிரி பின்னாலேயே ஓடி வண்டியில் ஏற்றிக்கொள்கிறேன் என்றான். வேண்டாம் என்று கையை ஆட்டினான். அந்த வெயிலில் வீடுவரைக்கும் நடந்தே போனான்.

அதற்குப் பிறகு அவன் மிஷினைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டான். சாப்பாட்டை ஒதுக்கவில்லை, போட்டதைத் தின்றான். ஆடி மாதத்தில் தொழிற்சாலை அதிகாரி விசாரணைக்காகச் செங்கல்பட்டு ஆபீசுக்குக் கூப்பிட்டபோது தாமோதரன் நேராக நின்றுகொண்டு சொன்னான்.

"நான்தான் சார் அட்ட வச்சேன். பீஸு கொறஞ்சிருந்திச்சி. எடது கையால அழுத்திட்டேன், வலது கை உள்ள இருந்திச்சி. மிஷினு மேல தப்பு இல்ல."

வாசல்வரைக்கும் கூடவே போயிருந்த ஜெபக்குமார் அதைக் கேட்டான். வரும் வழியில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது கேட்டான்:

"ஏன்டா அப்பிடி சொன்ன? நீ வைக்கலன்னுதானடா சொல்லிகினு இருந்த?"

"யோசிச்சி பாத்தேன் மாமா. நீ இவ்ளோ நாளு பாத்த. எனக்கோசரம்தான் பாத்த. எதுனா இருந்தா உனுக்கு கெடைக்காதா? கெடைக்கலன்னா நான்தான் வச்சிருக்கணும். வலில மறந்துட்டு இருந்துகீறேன்."

ஜெபக்குமாருக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. மூன்றாம் தரம் பார்த்தபோதே வந்துவிட்டது. பட்டன் விளிம்பில் அட்டை சொருகின தழும்பு எத்தனையோ இருந்தது.

கம்பெனியில் வேறு வேலை தருகிறோம் என்றார்கள். தாமோதரன் போகவில்லை. திருப்போரூர்க் கோயில் தெருவில் ஒரு ஸ்டாண்டில் சைக்கிள்களுக்கு வில்லை கொடுக்கிற வேலை கிடைத்தது. கிருத்திகை அன்றைக்கு மட்டும் கூட்டம் இருக்கும். மற்ற நாளில் ஸ்டூலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பான். ராத்திரி தூங்கினான். வேண்டாவுக்கு அதுவே போதும் என்று இருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. உப்பங்கழி நிரம்பிச் சாலையைத் தொட்டது. ஷெட்டுக்குள் தகரம் ஒழுகி, ஈரக்காற்றில் இரும்பெல்லாம் வியர்த்து நின்றது. ஒரு முற்பகல் ஜெபக்குமார் பிரஸ் ஷாப்பில் விளக்கு மாற்றிக்கொண்டிருந்தான். தாமோதரன் நின்ற மிஷினில் இப்போது அருணகிரி நின்றான். ஜெபக்குமார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேல்பாகம் இறங்கி ஏறியது. அருணகிரி இரண்டு கையையும் பட்டனிலிருந்து எடுத்து, நெற்றி வேர்வையைத் துடைக்கக் கைலித் துணியைத் தேடினான். யாரும் தொடாமல் மேல்பாகம் மறுபடி இறங்கி வெறும் அச்சில் மோதியது.

"யப்பா!" என்று அருணகிரி பின்னால் விழுந்தான். "கை வைக்கல... ஜெபா, நான் கை வைக்கல!"

ஜெபக்குமார் ஓடிப்போய்ப் பெட்டியின் மூடியைத் திறந்தான். கேபிள் தொடர்புக்கென்று எப்போதும் பச்சையாக எரிகிற இன்னொரு விளக்கு சிவப்பாக இருந்தது. அவன் கண்ணெதிரிலேயே மறுபடி பச்சையானது. கேபிள் வந்து சேருகிற கனெக்டரை விரலால் தொட்டான். சிவப்பு. விட்டான். பச்சை. அதைக் கழற்றினான். உள்ளே ஊசிகளில் ஒன்றின் அடியில், வெளியே தெரியாத இடத்தில், உப்புப் பூத்துப் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது.

அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த ஊசி ஒரு நொடி தொடர்பு விட்டால் பெட்டி சொல்வது பேனலுக்குப் போகாது. பேனல் கடைசியாகக் கேட்டதையே பிடித்துக்கொண்டிருக்கும். கடைசியாகக் கேட்டது, கை பட்டனில் இருக்கிறது என்பது. கை எடுத்த பிறகும் அதற்குக் கை பட்டனில்தான் இருக்கும். அதனால் இன்னொரு தரம் இறக்கும். பிறகு ஊசி தானாகத் தொட்டுக்கொள்ளும், எல்லாம் சரியாகிவிடும். அவன் மீட்டர் வைத்த நேரத்திலெல்லாம் அது தொட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. தாமோதரன் ஆஸ்பத்திரியில் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அப்படியே நடந்ததுதான்.

மிஷினைப் பிடித்துக்கொண்டு ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஷ்யாம் வந்து பார்த்தார். தானே கனெக்டரை ஆட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. மிஷினை நிறுத்தச் சொல்லி, புதுப் பெட்டியும் புதுக் கேபிளும் போடச் சொன்னார். பிறகு ஜெபக்குமாரைத் தனியே கூப்பிட்டார்.

"இது வெளிய போக வேணாம் ஜெபக்குமார்."

"கண்ணால காட்டு, நானே பேசறேன்னு சொன்னீங்க சார்."

"சொன்னேன். அப்போ விசாரணை முடியல. இப்போ அவரே அதிகாரி முன்னால ஒத்துக்கிட்டாரு. மறுபடி கிளறினா முதல்ல யாரைக் கேப்பாங்க? மூணு தடவ மிஷின் நல்லா இருக்குன்னு சொன்னது நீங்க. அடுத்தது நான்."

"என்னிய இன்னா வேணா பண்ணட்டும் சார். கேசு கூட வோணாம். நீங்க ஒரு தபா எங்க வூட்டுக்கு வாங்க. அவன் கிட்ட நீங்க வாயால சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டான் சார்."

ஷ்யாம் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் வந்து சொன்னா அது கம்பெனி சொன்னதாயிடும். என்னால முடியாது" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. ஆனாலும் முடியாது என்றுதான் சொன்னார்.

ஜெபக்குமார் அந்தக் கனெக்டரை எடுத்துக்கொண்டான். சாயங்காலம் அருணகிரியையும் கூட்டிக்கொண்டு மழையில் நனைந்தபடி வீட்டுக்கு வந்தான். தாமோதரன் ஸ்டாண்டிலிருந்து வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தான். வேண்டா அப்போதுதான் ஆட்டோவிலிருந்து இறங்கியிருந்தாள்.

"தாமு, கெடச்சிட்ச்சிடா" என்றான் ஜெபக்குமார். சொன்ன பிறகுதான், அன்றைக்கு முருங்கை மரத்தடியில் சொன்னதும் இதே வார்த்தை என்று தெரிந்தது. அவசரமாகக் கனெக்டரை நீட்டினான். "இங்க பாரு, இந்த ஊசி. உப்பு புட்ச்சிகினு கீது பாரு. இதாலதான்டா. நீ கை எடுத்துட்டதான் நெசம். நீ அட்ட வைக்கல."

தாமோதரன் அதை வாங்கவில்லை. எட்டிப் பார்த்தான்.

"எங்க பொறுக்கின மாமா இத்த?"

"பொறுக்கலடா. உன் மிஷின்லதான் இருந்திச்சி. அருணகிரிய கேளு."

அருணகிரி முன்னால் வந்தான். "ஆமா தாமு. எம் முன்னாலதான். நான் கை எடுத்துட்டேன், தானா எறங்கிச்சி. என் பொண்ணு மேல சத்தியமா சொல்றேன். மயிரிழைல தப்பிச்சேன்."

தாமோதரன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு லேசாகச் சிரித்தான். சின்னப் பிள்ளைகளிடம் சிரிக்கிறமாதிரி.

"உன்னியும் சொல்ல சொல்லி மாமா இட்டுனு வந்துச்சா அருணகிரிண்ணா? மழைல ஏன்ணா அல்லாடற. உள்ள வந்து குந்து."

"டேய், நெசம்டா" என்று கத்தினான் ஜெபக்குமார். "இன்னா சொன்னா நம்புவ நீ? அன்னிக்கி சொன்னது பொய்யி. இது நெசம்!"

"உடு மாமா. எனக்காவ நீ ரொம்ப கஷ்டப்படற. எனக்கு ஞாபகம் வந்துட்ச்சி மாமா. மஞ்ச அட்ட. சோப்பு பொட்டி அட்ட. ரெண்டா மடிச்சி வச்சேன். எடது கையால அழுத்தினதுகூட ஞாபகம் கீது." இடது கையை விரித்துக் காட்டினான். "இந்த எடத்துல பட்டன் சூடா இருந்திச்சி. இனிமே இத்த பேசாத. அக்கா பாவம்."

அருணகிரி சிறிது நேரம் நின்றுபார்த்துவிட்டுப் போய்விட்டான். தாமோதரன் சோறு போடச் சொல்லி உட்கார்ந்தான். வேண்டா அவனுக்குப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில் ஜெபக்குமார் நின்றுகொண்டிருந்தான். கனெக்டர் இன்னும் கையில் இருந்தது.

"நெசமாயா?" என்று மெல்லக் கேட்டாள்.

"நெசம் வேண்டா. சாமி சத்தியமா நெசம்."

அவள் அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். நம்பவேண்டும் என்றுதான் பார்த்தாள்.

"அன்னிக்கும் இதே மூஞ்சிதான்யா வச்சிகினு இருந்த" என்றாள். பிறகு, தம்பி தண்ணீர் கேட்கிற குரல் கேட்டு உள்ளே போனாள்.